வெள்ளிப் பேழையில் ஒரு யவனக் கதை

எனாமல் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது, வெள்ளை நிறத்தில் நீல விளிம்பு கட்டிய பழைய குவளையும், மருத்துவமனையில் ஊசியும் கத்தரியும் வைக்கும் தட்டும்தாம். கை தவறிக் கீழே விழுந்தால் அந்தக் குவளை உடையாது. ஆனால் விளிம்பில் ஒரு சில்லுத் தெறித்து, உள்ளிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும். இந்த எளிய குவளைக்கும், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காக்கப்படும் வெள்ளிப் பேழைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலும் உலோகத்தின்மேல் உருக்கி ஒட்டப்பட்டிருப்பது கண்ணாடியே. குவளையில் அது துருப்பிடிக்காமல் காக்கிறது. பேழையின் மூடியிலோ அதுவே ஓவியமாகி நிற்கிறது. அவ்வோவியங்களில் பல கிரேக்க புராணக் கதைகளைச் சொல்வன. கண்ணாடியைக் கொண்டு எவ்வாறு ஓவியம் தீட்டினர்? இயேசுநாதரை வணங்கும் நாடுகளில் பொற்கொல்லர்கள் வழக்கொழிந்த கிரேக்கத் தெய்வங்களை ஏன் தேடிப் போயினர்? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இப்பேழைகளுள் பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கும் அளவுடையவை. 18ஆம் நூற்றாண்டில் மூக்குப்பொடி போடும் பழக்கம் ஐரோப்பியப் பிரபுக்களிடையே பரவியிருந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டையில் மடித்து மடியில் செருகிக்கொண்ட பொடியை, அவர்கள் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த டப்பியில் வைத்து, அவையில் உள்ளோர் காணும்படி திறந்து நீட்டினர். பின்னர்ச் சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் தட்டையான வெள்ளிப் பெட்டிகள் தோன்றின. திருச்சிச் சுருட்டு அந்நாளில் இங்கிலாந்தில் எத்துணைப் பெயர் பெற்றிருந்தது என்றால், 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டு அதனை இன்னதென்று கண்டுகொள்கிறார். பெட்டிக்குள் இருந்தவை உடலுக்குக் கேடு விளைப்பவை. ஆகவே உள்ளே இருந்ததை விட்டுவிட்டு மூடியின்மேல் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் கண்ணாடி. மணல், ஈய ஆக்சைடு, பொட்டாஷ் அல்லது சோடா, வெண்காரம் ஆகியவற்றைச் சேர்த்து உருக்கினால் நிறமற்ற கண்ணாடிக் குழம்பு கிடைக்கும். அதனுடன் சிறிதளவு உலோக ஆக்சைடைக் கலந்தால் நிறம் வந்துவிடும். கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், மாங்கனீசு ஊதாவையும் தரும். மாணிக்கச் சிவப்பு வேண்டுமென்றால் பொன்னையே கலக்க வேண்டும். வெள்ளீய ஆக்சைடு கலந்தால் கண்ணாடி ஒளி ஊடுருவாத பால்வெண்மை பெறும். இந்தப் பால்வெண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பேழையின் கதை அதில்தான் திரும்பப் போகிறது. குழம்பு ஆறி இறுகியதும் அதைக் கல்வத்தில் இட்டு, நீர் விட்டு, மாவாக அரைப்பர். அந்த மாவை உலோகத்தின்மேல் மெல்லப் பரப்பி, ஈரம் உலர்ந்தபின் ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூளையில் ஓரிரு நிமிடங்கள் வைத்தெடுத்தால், மாவு உருகிப் பளபளப்பான படலமாகிவிடும்.

படிக்கும்போது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் வெள்ளியின் குணம் வேறு. தூய வெள்ளி 961.8 டிகிரியில் உருகும். உறுதிக்காகச் செம்பு கலந்த வெள்ளியோ அதற்கு வெகு முன்பாகவே இளகத் தொடங்கிவிடும். கண்ணாடி உருக வேண்டும், வெள்ளி உருகக் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள குறுகிய இடைவெளியில்தான் கைவினைஞர் வேலையை முடிக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. சூட்டில் விரிந்த உலோகமும் கண்ணாடியும் ஆறும்போது சுருங்குகின்றன. கண்ணாடி உலோகத்தைவிட மிகுதியாகச் சுருங்கினால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். சற்றே குறைவாகச் சுருங்கினால் உலோகம் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். தகடு வளைந்துவிடாமல் இருக்க அதன் உட்புறத்திலும் எனாமல் பூசுவது உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளேயும் கண்ணாடிப் பூச்சு இருப்பதன் காரணம் இதுவே. அதை அலங்காரம் என்று மட்டும் நினைப்பது பிழை.

ஒரே சூட்டில் வேலை முடிவதும் இல்லை. மணப்பாறை முறுக்கின் பக்குவம் நமக்குத் தெரியும். முதலில் அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் எண்ணெயில் இடுவர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் முறுக்கின் மொறுமொறுப்புக்கு அந்த இரண்டாம் சூடு இன்றியமையாதது. எனாமல் ஓவியத்துக்கோ இரண்டு சூடு போதாது. முதலில் வெள்ளைத் தளம், பிறகு வெளிர்நிறங்கள், பிறகு நிழல்கள், பிறகு முகத்தின் நுண்கோடுகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை சூளைக்குப் போய்வர வேண்டும். கடினமான நிறங்களை முதலிலும், மென்மையான நிறங்களை இறுதியிலும் சுடுவர். போகும்போது மங்கிய மண்நிறமாய் இருப்பது வரும்போது செந்நிறமாய் வரலாம். ஆகவே ஓவியர் கண்ணால் காணும் நிறத்தை நம்பாமல், வரப்போகும் நிறத்தை மனத்தில் கண்டு தீட்ட வேண்டும். பத்தாம் சூட்டில் ஒரு வெடிப்பு விழுந்தால் முன்னைய ஒன்பது சூட்டின் உழைப்பும் வீண்.

எனாமல் வேலை ஐரோப்பாவில் நெடுங்காலம் திருச்சபையின் பணியிலேயே வளர்ந்தது. பிரான்சு நாட்டின் லிமோழ் நகரம் அதற்குத் தலைநகரம் எனலாம். 1170 டிசம்பர் 29ஆம் நாள் கேன்டர்பரி பேராலயத்தில் கொல்லப்பட்ட புனித தோமா பெக்கட்டின் திருப்பண்டங்களை வைப்பதற்கென அந்நகரத்தார் வீடு போன்ற கூரையுள்ள பேழைகளைச் செய்தனர். அவற்றுள் 1180ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ஒன்று இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்பேழைகள் செம்பினால் ஆனவை. செம்பில் குழி வெட்டி, அக்குழியில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி மாவை நிரப்பிச் சுட்டனர். வண்ணம் வரம்புக்குள் நின்றது. தூரிகைக்கு அங்கே இடமில்லை.

நம் நாட்டின் மீனாகாரியும் ஏறக்குறைய இவ்வகையினதே. ஆம்பேர் அரசர் மான்சிங் லாகூரிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார் என்பது ஜெய்ப்பூர் வழக்கு. வெள்ளியின்மேல் நீலமும் பச்சையும் நன்றாகத் துலங்கும். ஒளி ஊடுருவும் சிவப்போ பொன்னின்மேல்தான் உயிர் பெறும். இது மீனாகாரி கைவினைஞர் எல்லோரும் அறிந்த உண்மை.

இந்தத் தடையைக் கடந்தவர் ழான் தூத்தேன் என்ற பிரெஞ்சுப் பொற்கொல்லர். 1630களில் அவர் கண்ட வழி எளியது. முன்னே நாம் நினைவில் வைத்த பால்வெண் கண்ணாடியை உலோகம் முழுவதும் பூசிச் சுட்டுவிட்டால், அது வெள்ளைத் தாள் போல் ஆகிவிடுகிறது. அடியில் இருப்பது பொன்னா, வெள்ளியா, செம்பா என்ற கவலையே இல்லை. அதன்மேல் நிறப்பொடிகளை நறுமண எண்ணெயில் குழைத்து, மெல்லிய தூரிகையால் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஜெனீவா நகரத்தார் இக்கலையை மேலும் வளர்த்து, முடிந்த ஓவியத்தின்மேல் நிறமற்ற கண்ணாடியை ஒரு படலமாக உருக்கி மூடினர். ஓவியம் நீருக்கடியில் கிடப்பது போன்ற ஆழம் அதனால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவின் பட்டறைகள் பழைய முறையைப் புதுப்பித்து, பேழை, குடுவை, கடிகாரக் கூடு என வெள்ளியில் செய்து, அவற்றின் உடல் முழுவதும் கிரேக்கக் கதைகளால் நிரப்பின. அப்பட்டறைகளுள் ஹெர்மன் போம் என்பாருடையது பெயர் பெற்றது.

வியன்னா வெள்ளியில் ஒரு வேடிக்கை உண்டு. 1867 முதல் ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசு வெள்ளியின் தரத்துக்கு இட்ட முத்திரை, டயானா தேவியின் தலை. கிரேக்கர் ஆர்ட்டமிஸ் என்று அழைத்த வேட்டைத் தெய்வமே உரோமருக்கு டயானா. அருகில் உள்ள எண் 1 என்றால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. 2 என்றால் 900. 3 என்றால் 800. 4 என்றால் 750. பிரான்சில் 1838 முதல் மினர்வாவின் தலை. மூடியின்மேல் பெரிதாக ஒரு தெய்வம், அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில் இன்னொரு தெய்வம்! சுங்க அதிகாரிகளையும் கிரேக்க மோகம் விடவில்லை போலும்.

இந்த மோகத்தின் காரணம் என்ன? 15ஆம் நூற்றாண்டில் அச்சுக்கலை பரவியபின், ஓவிட் என்ற உரோமக் கவிஞர் தொகுத்துப் பாடிய பழங்கதைகள் படங்களுடன் வெளிவந்தன. லியோன் நகரத்து பெர்னார் சாலமோன் என்னும் ஓவியர் 1553இல் விவிலியக் காட்சிகளுக்கும், 1557இல் ஓவிடின் கதைகளுக்கும் மரத்தில் செதுக்கி அச்சிடும் சிறு படங்களை வரைந்தார். லிமோழ் கைவினைஞர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்குவோர் விரும்பியபடி இன்று விவிலியமும் நாளை புராணமும் தீட்டினர். கற்றவர் என்று காட்டிக்கொள்ள விரும்பிய செல்வர்க்குப் புராணம் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால், ஆடை குறைந்த உருவங்களை வரைவதற்குப் புராணத்தைச் சாக்காகக் கொண்டவரும் பலர். அவர்களுடைய பேழைகள் எல்லாம் நம் பள்ளி மண்டபத்தில் காட்சிக்கு வைக்கத் தக்கவை அல்ல.

மூடியில் இருப்பவர் யார் என்று அறிவது எப்படி? ஆலயத்தில் சுரூபங்களை நாம் அறியும் அதே வழிதான். திறவுகோல் இருந்தால் இராயப்பர், வாள் இருந்தால் சின்னப்பர், குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் அந்தோணியார். அவ்வாறே தலைக்கவசமும் ஆந்தையும் உடையவள் அத்தேனா. நெற்றியில் பிறையும் கையில் வில்லும் இருந்தால் ஆர்ட்டமிஸ். சிறகு முளைத்த காலணி ஹெர்மிசுக்கு, கழுகு சீயசுக்கு, கோதுமைக் கதிர் தெமீத்தருக்கு, திரிசூலம் கடல் தெய்வமான பொசைடனுக்கு. திரிசூலத்தைக் கண்டவுடன் நமக்கு வேறு நினைவு வருவது இயல்பு. அந்தப் பொசைடனின் வெண்கலச் சிலை ஒன்று மராட்டிய நாட்டில் கோலாப்பூரை ஒட்டிய பிரம்மபுரியில், 1940களில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. யவனர் தம் கதைகளையும் கப்பலில் ஏற்றியே இந்நாட்டுக்கு வந்தனர் என்பதற்கு அது சான்று.

இக்கதைகளுள் ஆர்பியூசின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம். நரம்பிசைக் கருவியாகிய லைரில் வல்லவன் அவன். அவன் வாசித்தால் காட்டு விலங்குகள் பகை மறந்து சூழ்ந்து நிற்கும். மரங்களும் பாறைகளும்கூட அசைந்து வரும். அவன் மனைவி யூரிடிசி பாம்பு தீண்டி இறந்தாள். இசையால் இறந்தோர் உலகத்தின் அரசனையும் உருக்கி, அவளை மீட்டுவர இசைவு பெற்றான். வெளியேறும்வரை திரும்பிப் பார்க்கலாகாது என்பது கட்டளை. வாயிலை நெருங்கியபோது அவள் வருகிறாளா என்ற ஐயத்தில் திரும்பினான். அவள் நிழலாகி மறைந்தாள்.

ஓவியர்கள் பெரிதும் விரும்பியது விலங்குகள் சூழ்ந்த காட்சியையே. உரோமையில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் நிலத்தடிக் கல்லறைகளில் வரைந்த சித்திரங்களிலும் இந்த ஆர்பியூஸ் இருக்கிறான். தொமித்தில்லா கல்லறை அவற்றுள் ஒன்று. தம் குரலால் ஆன்மாக்களை ஈர்க்கும் நல்லாயனாம் கிறிஸ்துவுக்கு அவன் ஓர் உருவகம் ஆனான். பழைய கதை புதிய விசுவாசத்துக்கு ஏவல் செய்தது. எனவே பின்னாளில் கத்தோலிக்கக் குடும்பங்களின் மேசையில் ஆர்பியூஸ் அமர்ந்ததில் வியப்பில்லை.

அவ்வாறு மேசைக்கென ஆர்பியூசைத் தீட்டியவர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு. சுசான் த கூர் என்பது அவர் பெயர். 1600ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லிமோழில் பட்டறை நடத்தியவர். அந்நகரத்து எனாமல் கலைஞர்களுள் தம் படைப்பில் கையொப்பமிட்ட பெண் என்று நாம் அறிவது இவர் ஒருவரையே. நியூயார்க்கில் உள்ள ஃபிரிக் அருங்காட்சியகத்தில் இவருடைய உப்புக் கிண்ணங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் ஆர்பியூசின் கதை. மற்றதில் மினர்வாவும் கலைத்தேவியரும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள இவருடைய செப்புத் தகட்டிலோ, கபிரியேல் தூதர் கன்னி மரியாளுக்கு மங்களச் செய்தி சொல்கிறார். ஒளி ஊடுருவும் நீல, பச்சை எனாமலுக்கு அடியில் மெல்லிய உலோக இழைத்தாளை வைத்துச் சுடுவது இவர் கைத்திறம். விளக்கு வெளிச்சத்தில் மாதாவின் ஆடை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுவது அதனால்தான். இவருடைய வாழ்க்கையைப் பற்றிய செய்திகள் மிகச் சில. தம் பெயரையும், சில இடங்களில் எஸ், சி என்ற இரண்டு எழுத்துகளையும் தீட்டிச் சுட்டுவைத்ததால் மட்டுமே இன்று நாம் அவரை அறிகிறோம். தாளில் எழுதிய பெயர் செல்லரித்துப் போகலாம். கண்ணாடியில் உருகிய பெயர் நானூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

ஆர்பியூசைக் காண நாம் நியூயார்க்குக்குப் போக வேண்டியதில்லை. டில்லிக்குப் போனால் போதும். 1648இல் முடிந்த செங்கோட்டையின் திவானே ஆம் மண்டபத்தில், ஷாஜகானின் சிங்காதனத்துக்குப் பின்புறச் சுவரில், உச்சியில் ஒரு சிறு பலகை பதிக்கப்பட்டுள்ளது. கருங்கல்லில் வண்ணக்கற்களை இழைத்த அது இத்தாலியின் பிளாரன்சு நகர வேலை. அதில் ஆர்பியூஸ் அமர்ந்து, லைருக்குப் பதிலாகப் பிடில் போன்ற ஒரு கருவியை வாசிக்கிறான். காலடியில் சிங்கமும் முயலும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வலியதும் மெலியதும் பகையின்றி வாழும் நீதியான ஆட்சிக்கு அடையாளமாக மொகலாயர் அதைக் கொண்டனர் என்று ஆய்வாளர் விளக்குவர். 1857 கலகத்துக்குப்பின் ஓர் ஆங்கிலப் படை அதிகாரி அப்பலகையையும் வேறு சிலவற்றையும் பெயர்த்தெடுத்து லண்டனுக்குக் கொண்டுபோய், 500 பவுனுக்குத் தம் அரசுக்கே விற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் பிரபுவின் முயற்சியால் அவை மீண்டும் டில்லிக்கு வந்து சேர்ந்தன. எடுத்துச் சென்றவை எல்லாம் இப்படித் திரும்பி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் மாவட்டத்தாருக்கு இக்காட்சி புதிதன்று. லால்குடியை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த ஆனாய நாயனாரின் புல்லாங்குழலைக் கேட்டுப் பாம்பும் மயிலும், சிங்கமும் யானையும் பகை மறந்து ஒருங்கே நின்றதாகப் பெரிய புராணம் கூறுகிறது. ஓநாயும் செம்மறியும் கூடி வாழும் என்று இசையாஸ் தீர்க்கதரிசி சொன்னதையும் நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல வரவில்லை. கொடிய விலங்கு இசைக்கு அடங்கி நிற்கும் ஒரு காட்சியைக் காண மனிதர் எங்கும் ஏங்கியிருக்கின்றனர் என்பதே நாம் கண்டது.

வியன்னாவில் கிரேக்கத் தெய்வங்கள் வெள்ளியில் ஏறிய அதே காலத்தில், சென்னையில் நம் நாட்டுத் தெய்வங்கள் வெள்ளியில் ஏறின. மவுண்ட் ரோடில் இருந்த பி. ஓர் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் ஆங்கிலேயர்க்கெனச் செய்வித்த தேநீர்க் குடுவைகளிலும் தட்டுகளிலும் கோயில் உருவங்களைப் புடைப்பு வேலையாகத் தட்டினர் நம் கொல்லர்கள். 'சுவாமி வெள்ளி' என்றே அதற்குப் பெயர். 1875இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபின் அதன் புகழ் மேலும் பரவியது. நம் பக்கத்துக் கொல்லர்கள் எனாமலை நாடவில்லை. அவர்களுடைய வலிமை சுத்தியலிலும் உளியிலும் இருந்தது. தஞ்சாவூர்த் தட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் கருத்தைக் கேட்டால், நிழலால் உருவம் காட்டும் புடைப்பு வேலை நிறத்தால் காட்டும் எனாமலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. அது தராசு. பழைய வெள்ளியைக் கடையில் மாற்றப் போனால் கல்லும் அரக்கும் கழித்து, எஞ்சிய எடைக்கே விலை. எனாமலும் அந்தக் கழிவில் சேர்ந்துவிடும். மூசையில் இட்டு உருக்கும்போது ஆர்பியூசும் விலங்குகளும் வெண்காரத்தோடு கலந்து கசடாக மேலே மிதப்பர்; பத்தர் அதை வழித்து எறிந்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை, அவரிடம் நாம் கேட்டது எடையைத்தான். ஆகவே வீட்டுப் பெட்டியின் அடியில் பாட்டியின் வெற்றிலைச் செல்லமோ, குங்குமச் சிமிழோ, எவரோ பரிசளித்த அயல்நாட்டு டப்பியோ கிடந்தால், மாற்றக் கொண்டு போகுமுன் ஒரு முறை விளக்கருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மூடியின் விளிம்பிலும் அடியிலும் முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் தேடலாம். ஓவியத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கையால் தீட்டியதில் தூரிகைத் தடங்களும் சின்னஞ்சிறு புள்ளிகளும் தெரியும். 1750களில் இங்கிலாந்தின் பாட்டர்சியில் எனாமலின்மேல் அச்சுப்படம் ஒற்றி எடுக்கும் முறை வந்தது; அவ்வகைப் படத்தில் செப்புத் தகட்டில் கீறிய சீரான கோடுகளே காணப்படும்.

இனி, தூய்மை செய்யும் முறை. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தக ஆவியால். மேலே படிவது வெள்ளி சல்பைடு. வெறும் வெள்ளிப் பாத்திரத்தைப் புளியும் திருநீறும் போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். எனாமல் உள்ள பொருளுக்குப் புளி, எலுமிச்சை, பற்பொடி எதுவும் ஆகாது. புளிப்பு கண்ணாடியின் பளபளப்பை அரிக்கும். பொடி அதில் கீறல் போடும். வெந்நீரில் போட்டால் வெள்ளி ஒரு வேகத்திலும் கண்ணாடி ஒரு வேகத்திலும் விரிந்து சில்லு தெறிக்கும். தெறித்த இடத்தை மீண்டும் சூளையில் வைத்துச் செப்பனிட முயன்றால் நல்ல பகுதியும் கெட்டுப்போகலாம். மென்மையான பழைய பருத்தித் துணியால் வெள்ளிப் பகுதியை மட்டும் துடைத்து, ஓவியத்தின்மேல் உள்ள தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும். பிறகு வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். கம்பளித் துணியில் சுற்றவோ, ரப்பர் வளையம் போடவோ வேண்டா. அவற்றிலும் கந்தகம் உண்டு.